பளபளவென்று இருக்கிறது, பாட்டுத்தான் வருகுதில்லை: பழைய கிராமபோன் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் தையல் மெசினும் மணிக்கூடும் திருத்துகிற சின்னக் கடை எங்களுடையது. கிராமபோன் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்பிரிங்கும் பற்சக்கரமும் தெரிந்தவன் என்று யாரோ ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார், அன்று தொடங்கியது. இப்போது வாழைச்சேனையில் இருந்தும் அக்கரைப்பற்றில் இருந்தும் கொண்டுவருகிறார்கள். வருகிற பெட்டிகளைக் கெடுத்தது பெரும்பாலும் வயதல்ல, எங்களூர்ப் புயலும் கடலும்கூட அல்ல. யாரோ அன்பாகப் ‘புதுசாக்கி’க் கொடுத்ததுதான். கேட்கிற கேள்விகளும் அதைச் சுற்றியே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

போனோகிராபும் கிராமபோனும் ஒன்றா?

இல்லை. எடிசன் 1877இல் செய்தது போனோகிராப். அதில் பாட்டு உருளையில் இருக்கும். முதலில் ஈயத்தாள் சுற்றிய உருளை, பிறகு மெழுகு உருளை. தட்டையான தட்டில் பதிக்கும் கிராமபோனுக்கு எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை எடுத்தார். எடிசன் உருளையில் ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கும், பெர்லினர் தட்டில் பக்கவாட்டில் ஆடும். திருத்துகிறவனுக்கு முக்கியமான வித்தியாசம் அதுதான்.

இந்தப் பக்கத்து வீடுகளில் இருப்பவை எல்லாம் கிராமபோன்தான். உருளைப் பெட்டி என் கைக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அதில் யாரோ தட்டுக் கிராமபோனின் ஊசி மாட்டுகிற ஒலித்தலையைக் கம்பியால் கட்டி, இரும்பு ஊசியும் மாட்டியிருந்தார்கள். மெழுகு உருளை அந்த ஊசியைத் தாங்குமா? கலப்பை போட்ட வயல் மாதிரி இருந்தது. அந்த உருளையில் என்ன பாட்டு இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

கடையில் கொடுத்துப் புதுப்பித்தோம். பார்க்க நன்றாக இருக்கிறது, சத்தம் மட்டும் கரகரக்கிறது. ஏன்?

கல்லடியில் இருந்து ஓர் அம்மா கொண்டுவந்த பெட்டியை வைத்தே சொல்கிறேன். நாய்ச் சின்னம் போட்ட எச்.எம்.வி. கம்பெனியின் 102, கையில் தூக்கிப் போகிற வகை. 1931இல் வெளிவந்து கால் நூற்றாண்டு அளவு விற்பனையான பெட்டி. அவருடைய அப்பா வாங்கியது. வெளிநாட்டில் இருந்து வந்த மருமகன் ஆசைப்பட்டு ஒரு கடையில் கொடுத்து ‘புதுசாக்கி’யிருந்தார். அம்மா சொன்னது இதுதான்: “மகன், முந்தி அழகில்லாமல் கிடந்து பாடினது. மறுகா அழகாக்கிக் கொண்டுவந்தாங்க. இப்ப பாடுதில்ல.”

திறந்து பார்த்தேன். வெளியே ஒட்டியிருந்த கறுப்பு ரெக்சினுக்கு மேல் எனாமல் பெயின்ட். கீல், பூட்டு, ஒலித்தலையைத் தாங்குகிற ஒலிக்கை எல்லாவற்றுக்கும் தங்க நிற ஸ்பிரே. ஸ்பிரே ஒலிக்கையின் மூட்டுக்குள்ளும் இறங்கிக் காய்ந்திருந்தது. தட்டின் நடுவை நோக்கி வழுக்கிக்கொண்டு போக வேண்டிய கை, கதவு இறுகின மாதிரி அசைந்தது. ஊசி பள்ளத்தைப் பிடித்து இழுக்க, கை பின்னால் நிற்க, பாட்டு ஒரே வரியில் மாட்டிக்கொண்டது. மோட்டாரைக் கழற்றினால் பற்சக்கரம், வேகக்கட்டுப்பாட்டுக் குண்டுகள் என்று எல்லா இடத்திலும் வாகனச் சில்லுக்குப் போடுகிற கிரீஸ். கட்டிச் சாம்பாரை ஊற்றின மாதிரி.

உண்மையான கொலை நடந்தது ஒலித்தலையில். ஊசியைப் பிடித்திருக்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டப் பெட்டி அது. உள்ளே மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று இருக்கும். இதற்கு முந்திய பெட்டிகளில் மைக்கா. அந்தத் தகட்டை விளிம்பில் ரப்பர் வளையம் இரண்டு பக்கமும் மெதுவாகப் பிடித்திருக்க வேண்டும். எத்தனையோ வருடத்தில் ரப்பர் கல்லாகிவிடும், அது இயற்கை. பழைய கிராமபோன் கரகரப்பதற்குப் பத்தில் எட்டுத் தடவை காரணம் அந்த ரப்பர்தான் என்பது என் அனுபவம். புது ரப்பர்க் குழாயை அளவாக வெட்டிப் போட்டால் சரி. அந்தக் கடைக்காரர் என்ன செய்தார் என்றால், தகடு ஆடுகிறது என்று நினைத்துச் சுற்றிவர சூப்பர் குளூ விட்டு ஒட்டிவிட்டார். தகடு ஆடினால்தானே பாட்டு! மத்தளத்தின் தோலுக்கு மேல் பலகை அடித்துவிட்டுத் தட்டின கதை.

உங்கள் பெட்டியும் இப்படிக் கரகரத்தால் முதலில் ஒலித்தலையைப் பாருங்கள். குளூ, அரல்டைட், மைக்காவுக்குப் பதிலாக வெட்டி ஒட்டின எக்ஸ்ரே பிலிம் எல்லாம் நான் கண்டிருக்கிறேன்.

எங்களிடம் பெரிய பித்தளைக் குழலோடு, எட்டு மூலைப் பெட்டியில் நாய்ப் படம் போட்ட கிராமபோன் இருக்கிறது. நூறு வருடப் பழசு என்று சொல்லி விற்றார்கள். உண்மையா?

மன்னிக்க வேண்டும், பெரும்பாலும் இல்லை. இந்தியாவில் இப்படி அலங்காரப் பெட்டிகளைப் பல வருடமாகச் செய்து உலகம் முழுக்க விற்கிறார்கள். புதுப் பலகை, புதுக் குழல், உள்ளே மட்டும் பழைய கைப்பெட்டி ஒன்றில் இருந்து பிடுங்கின மோட்டார். கொழும்பில் இருந்தும் சென்னையில் இருந்தும் இங்கே வந்து சேருகிறது. கலியாண மண்டபத்துக்கும் ஹோட்டல் வரவேற்பறைக்கும் அது போதும். தாத்தாவின் பெட்டி என்று நினைத்துக்கொண்டு பெரும் காசு கொடுப்பதுதான் பிரச்சினை.

எப்படிக் கண்டுபிடிப்பது? குழல் முதலில். புதுப் பித்தளை மஞ்சளாக மினுங்கும், பொருத்து முரட்டு ஈயத்தில் இருக்கும். பிறகு பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பாருங்கள். பழைய மரம் உள்ளேயும் பழசாக இருக்கும். இதில் வெளியே கறுத்திருக்கும், உள்ளே நேற்று இழைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். சாவிக் கம்பி போகிற துளை பிசகி, இரண்டாம் தரம் துளைத்த அடையாளம் தெரியலாம். ஒலித்தலை கனமில்லாத தகரமாக இருக்கும். எட்டு மூலை, ஆறு மூலை என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நாய்ப் படக் கம்பெனியான எச்.எம்.வி. குழல் பெட்டிகளைப் பெரும்பாலும் சதுரமாகத்தான் செய்தது.

‘1895ஆம் ஆண்டு எச்.எம்.வி.’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். எச்.எம்.வி. பெட்டிகளைச் செய்த கிராமபோன் கம்பெனி லண்டனில் தொடங்கியதே 1898இல். நாய்ப் படம் அதற்கும் பிறகு. 1909 வரை அவர்களுடைய தட்டு லேபிளில் நாய் இல்லை, இறகு எழுதுகோல் பிடித்த தேவதைதான் இருந்தது.

அந்த நாய்ப் படமே ஒரு ‘திருத்தம்’ என்பது வேடிக்கை. பிரான்சிஸ் பராட் முதலில் வரைந்தபோது நாய்க்கு முன்னால் இருந்தது எடிசன் வகை உருளைப் பெட்டி. கிராமபோன் கம்பெனி வாங்குவதாகச் சொன்ன பிறகு, அதன் மேலேயே பெயின்ட் பூசித் தட்டுக் கிராமபோனை வரைந்து கொடுத்தார். மேலே பூசுகிற வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது போல.

பெட்டியின் பெயர்த் தகட்டில் 1904 என்று போட்டிருக்கிறது. அந்த வருடம் செய்ததுதானே?

அது காப்புரிமை எடுத்த வருடம். பெட்டி அதற்கு எத்தனையோ வருடத்துக்குப் பிறகு செய்யப்பட்டிருக்கலாம்.

பித்தளை தெரிகிறவரை பிராசோ போட்டுத் தேய்க்கலாமா?

அது பித்தளையாகவே இருக்க வேண்டியதில்லை. ஒலிக்கை, ஒலித்தலை, சாவி போன்றவற்றில் கணிசமானவை நிக்கல் பூசியவை. நிக்கல் பூச்சு மெல்லியது. கடற்காற்றில் அதன் மேல் மங்கல் படிந்திருக்கும். அதைப் போக்க நினைத்துத் தேய்த்துத் தேய்த்து, பூச்சு போய் அடியில் மஞ்சள் தெரிந்ததும் “பார், அசல் பித்தளை வந்துவிட்டது” என்று சந்தோஷப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வந்தது பித்தளை, போனது பெட்டியின் தோல். ஈரத்துணியில் ஒரு துளி சோப்பு, பிறகு காய்ந்த துணி. அதற்கு மேல் வேண்டாம்.

மரப்பெட்டியை ஓடாவியிடம் கொடுத்து அரத்தாள் போட்டு வார்னிஷ் அடிக்கலாமா?

எங்கள் ஓடாவிமார் கெட்டிக்காரர்கள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அவர்கள் கையில் அரத்தாள் இருந்தால் சும்மா இருக்க மாட்டார்கள். அலுமாரிக்குச் சரி. கிராமபோன் பெட்டியில் மேலே இருப்பது பலநேரம் தாள்போல மெல்லிய நல்ல மரத்தோல். அடியில் சாதாரணப் பலகை. கொஞ்சம் கூடத் தேய்த்தால் ஓட்டை.

அந்தக் காலத்துப் பொலிஷ் அரக்கு. அரக்குப் பூச்சி விடுகிற பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் அடுக்கு அடுக்காகப் பூசினது. இன்னும் ஒன்று தெரியுமா, பழைய இசைத்தட்டும் அரக்குதான். அரக்கோடு கல்மாவும் (அரைத்த கல்லுத்தூள்) கரியும் சேர்த்து அழுத்தினது. பெட்டியும் அரக்கு, தட்டும் அரக்கு, இரண்டுக்கும் எமன் ஸ்பிரிட். தின்னர் தொட்ட துணியால் ஒரு தரம் துடைத்தால் பொலிஷ் கரையும், அதோடு ஒட்டியிருந்த நாய்ச் சின்னமும் போகும். சின்னம் போனதும் கடையில் புது ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். காத்தான்குடியில் ஒருவர் வாப்பாவின் பெட்டியில் நாய் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததைக் காட்டினார். ஸ்டிக்கர் அச்சடித்தவர் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார். நாயும் குழலும் இடம் மாறிவிட்டன.

தூசியைத் துடைத்து, கொஞ்சம் தேன்மெழுகு பூசித் துணியால் தேய்த்தால் மரம் தானாக உயிர்க்கும். கீறல் இருந்தால் இருக்கட்டும்.

ஸ்பிரிங் சுற்றும்போது ‘பொக்’ என்று அடிக்கிறது. நானே கழற்றிப் பார்க்கலாமா?

‘பொக்’ சத்தத்துக்குக் காரணம் ஸ்பிரிங் பெட்டிக்குள் காய்ந்துபோன பழைய கிரீஸ். சுருளின் ஒரு மடிப்பு மற்றதோடு ஒட்டி, இழுபட்டு, ஒரேயடியாக விடுபடுகிறது. ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்று சொல்லிப் புதுசுக்குக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கவனம். மண்ணெண்ணெயில் கழுவி, பென்சில் காரீயத்தூள் (கிராபைட்) கலந்த கிரீஸ் போட்டால் போதும்.

உண்மையாகவே உடைந்திருந்தாலும் உடைந்தது நுனியாக இருந்தால் பழைய ஸ்பிரிங்கையே காப்பாற்றலாம். நுனி ஓர் அங்குலத்தை மட்டும் நெருப்பில் பழுக்க வைத்து ஆறவிட்டு, புதுத் துளை போடுகிறோம். முழுவதையும் சூடாக்கினால் ஸ்பிரிங் செத்துவிடும், அதுவும் நடந்திருக்கிறது.

நீங்களே கழற்றாதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சுற்றி இருக்கிற ஸ்பிரிங்கை முழுக்க ஓடவிடாமல் மூடியைத் திறந்தால் மீட்டர் கணக்கான உருக்குப் பட்டி ஒரு நொடியில் வெளியே பாயும். என் இடக்கையில் பெருவிரலுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. பத்தொன்பது வயதில் “இது தையல் மெசினை விடச் சின்னது” என்று நினைத்தேன்.

தேங்காய் எண்ணெய் விடலாமா? வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

தலைக்கு வையுங்கள். மோட்டாரில் அது சில மாதத்தில் பிசினாகிவிடும். தையல் மெசின் எண்ணெய் நல்லது. வேகக்கட்டுப்பாட்டுத் தகட்டை உரசுகிற கம்பளித் துண்டில் இரண்டு துளி, அச்சு முனைகளில் ஒவ்வொரு துளி.

ஒலிக்கை வெடித்துவிட்டது. வெல்டிங் பிடிக்கலாமா?

1920களில் இருந்து கனக்கப் பாகங்களை நாகக் கலவை உலோகத்தில் வார்த்தார்கள். அந்தக் காலத்துக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்திருந்தால் காலம் போகப்போக உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். நம்மூர் ஈரம் அதற்கு இன்னும் துணை. வெல்டிங் நெருப்பைக் காட்டினால் உருகி ஒழுகும். இறுகிப்போன ஒலித்தலையைப் பிளையரால் திருகினாலும் பிஸ்கட் மாதிரி உடையும். வெடிப்புத் தெரிந்தால் தொடாமல் விடுங்கள். வேறு பழைய பெட்டியில் நல்ல பாகம் கிடைக்கும்வரை காத்திருப்பதுதான் வழி. எனக்கு ஒரு பாகத்துக்கு நான்கு வருடம் பிடித்தது.

வெள்ளத்தில், கடல் தண்ணீரில் கிடந்த பெட்டியை என்ன செய்வது?

1978 நவம்பர் புயலில் கூரை போய் மழையில் ஊறின பெட்டி, 2004 சுனாமியில் உப்புத் தண்ணீருக்குள் போனது, 2011 ஜனவரி வெள்ளத்தில் நனைந்தது, மூன்று வகையும் பார்த்திருக்கிறேன். மழை நனைத்தது பிழைக்கும். உப்பு நனைத்தது அன்றே பார்த்தால் பிழைக்கும்.

முதல் நாளே நல்ல தண்ணீரில் உலோகப் பாகங்களை அலச வேண்டும். உப்பைக் காய விட்டால் துருதான் மிச்சம். பிறகு நிழலில், காற்றில் உலர்த்துங்கள். நம்மவர்கள் செய்கிற பிழை, நெல் மாதிரி வெயிலில் காயப்போடுவது. மரம் வளைந்து, மேல்தோல் உரிந்துவிடும். பெட்டி மூட்டுக் கழன்று பலகை பலகையாக வந்தால் பயப்பட வேண்டாம். பழைய பசை விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சினது, தண்ணீரில் கரைவதுதான் அதன் குணம். அதே வகைப் பசையால் திரும்ப ஒட்டலாம், வேண்டாவிட்டால் வெந்நீர் காட்டிப் பிரிக்கலாம். அரல்டைட் போட்டால் அடுத்து வருகிறவன் உளியோடுதான் வர வேண்டும்.

சாவி கொடுக்கக் கஷ்டமாக இருக்கிறது. மின்மோட்டார் பூட்டி, குழலுக்குள் புளூடூத் ஸ்பீக்கர் வைத்தால்?

வையுங்கள், அந்த எட்டு மூலை அலங்காரப் பெட்டியில். அதற்கு ஒரு பிரயோசனமாவது கிடைக்கும். அசல் பெட்டியின் மோட்டாரைப் பிடுங்கினால், பிடுங்கின மோட்டார் ஒரு மாதத்தில் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். இதுவரை திரும்பி வந்த மோட்டாரை நான் பார்க்கவில்லை.

ஒரு ஊசியை எத்தனை தடவை போடலாம்?

சாதாரண இரும்பு ஊசி என்றால் தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று. தட்டில் கலந்திருக்கிற கல்மா வேண்டுமென்றே போட்டது, ஊசியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவரத்தான். ஒரு பக்கம் முடிய ஊசி உளியாகிவிடும். அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால் கிட்டப்பாவின் குரலைச் சீவி எடுத்துவிடும். புது ஊசி இன்னும் செய்து விற்கிறார்கள், விலை பெரிதில்லை. நான் ஒருமுறை தேசிக்காய் முள்ளைப் போட்டுப் பார்த்தேன். மெதுவாக, இனிமையாகத்தான் பாடியது. அரைப் பாட்டோடு மழுங்கிவிட்டது.

எல்.பி. தட்டைப் போடலாமா?

கூடவே கூடாது. ஒலித்தலையின் பாரம் நூறு கிராமுக்கு மேல். பிறகு வந்த வினைல் தட்டான எல்.பி. தாங்குவது இரண்டு, மூன்று கிராம்.

பழைய தட்டுகளை எதால் கழுவுவது?

மேலே சொன்னதை நினைவில் வையுங்கள்: ஸ்பிரிட், சென்ட், கைகழுவுகிற சானிடைசர் எதுவும் கிட்டவும் வரக்கூடாது. மெல்லிய சோப்புத் தண்ணீர், மென்மையான தூரிகை, லேபிள் நனையாமல். உடனே துடைத்து நிறுத்தி வையுங்கள். லேபிளில் ‘டம் டம்’ என்று இருந்தால் கல்கத்தாவில் அழுத்தின தட்டு. சுந்தராம்பாள், பாகவதர் தட்டுகளில் இதைப் பார்க்கலாம்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்?

தட்டின் ஓரத்தில் ஒரு கடதாசித் துண்டைச் செருகி, பாடிக்கொண்டிருக்கும்போதே எண்ணுங்கள். அரை நிமிடத்தில் 39 சுற்று வந்தால் சரி. சும்மா சுற்றவிட்டு எண்ணினால் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் ஊசியின் இழுவை அப்போது இல்லை.

திருத்தக் கொடுப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், மோட்டார்ப் பலகையைத் தூக்கிய பிறகும் ஒன்று. “கழற்றின பழைய பாகத்தைத் தருவீர்களா?” என்று கேளுங்கள். தயங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். “முதலில் பெயின்ட் அடிப்போம்” என்று தொடங்கினாலும் அப்படியே. நான் முதலில் ஒலித்தலை, பிறகு மோட்டார், கடைசியில் துணி. பெயின்ட் டப்பா என் கடையில் இல்லை, மனிசி கதவுக்கு வாங்கினது தவிர.

அந்தக் கல்லடி அம்மாவின் பெட்டி இப்போது பாடுகிறதா?

இதைத்தான் கனபேர் கேட்கிறார்கள். குளூ விட்ட தகட்டைக் காப்பாற்ற முடியவில்லை, வேறு பெட்டியில் இருந்து ஒலித்தலை எடுத்தேன். மூட்டுக்குள் போன தங்க ஸ்பிரேயை மூன்று நாள் குச்சியால் சுரண்டினேன். கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவினேன். ரெக்சின் மேல் பூசின எனாமலைத் தொடவில்லை. உரித்தால் ரெக்சினும் சேர்ந்து வரும். ஆகவே அது இன்னும் பிரேதப் பெட்டி மாதிரி மினுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா மூடியின் உள்மூலையைத் தடவிப் பார்த்தார். சின்ன வயதில் ஆணியால் தன் பெயரின் முதல் எழுத்தை அங்கே கீறி அப்பாவிடம் அடி வாங்கினாராம். பெயின்ட்டுக்கு அடியில் பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது. “இருக்கு” என்றார். பிறகு சாவியை என்னிடம் தராமல் தானே சுற்றினார்.